அடிக்கட்டையின் பின்பக்கம்

எங்கள் ஊர் வாசகசாலைச் சங்கத்துக்கு நான் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 2018இல். பொறுப்பேற்றதும் செயற்குழுவில் நான் கொண்டுவந்து நிறைவேற்றிய முதல் தீர்மானம், ஆண்டுச் சந்தாவை இனிமேல் கைப்பேசி வழியாகவே பெற்றுக்கொள்வது என்பது. செய்தித்தாள் மேசைக்கு எதிரே உள்ள தூணில் க்யூஆர் அட்டையை ஒட்டினோம். வங்கியில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமிதம் இருந்தது. முன்பெல்லாம் ஏப்ரலில் தொடங்கும் சந்தா வசூல் தீபாவளிக்குச் சற்று முன்புதான் முடியும். அந்த ஆண்டு மே மாத முடிவிலேயே முக்கால்வாசிப் பணம் கணக்கில் சேர்ந்துவிட்டது. ரசீதுப் புத்தகம் அச்சிடும் செலவும் மிச்சம்.

செப்டம்பரில் ஆண்டுப் பொதுக்குழு கூடியது. எங்கள் துணைவிதிப்படி பட்டியலில் உள்ள உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்வதற்கு வேண்டிய குறைந்தபட்ச வருகை, நிறைவேறும். பட்டியலில் ஏறக்குறைய முந்நூற்று நாற்பது பெயர்கள் இருந்தன. ஆகவே எண்பத்தைந்து பேர் வரவேண்டும். வழக்கமாகத் தொண்ணூறு பேர் வரை வந்துவிடுவார்கள் என்பதால் கோரத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அன்று மாலை ஆறு மணிக்கு வந்திருந்தவர்கள் நாற்பத்தொரு பேர். ஆறரை வரை காத்திருந்துவிட்டு, கூட்டத்தை ஒத்திவைப்பதாகத் தலைவர் அறிவித்தார். நூறு பேருக்குச் சொல்லி வைத்திருந்த உளுந்து வடையை வந்தவர்களே ஆளுக்கு இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டு போனார்கள். சங்கத்தின் அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட நடவடிக்கைக் குறிப்பேடுகளைப் பின்னர் புரட்டிப் பார்த்தேன். கோரம் இல்லாமல் பொதுக்குழு கலைந்ததாக அதற்கு முன் ஒரு பதிவும் இல்லை.

மழை, கோயில் திருவிழா, தொலைக்காட்சி, இளைஞர்களுக்கு வாசிப்பில் நாட்டம் இல்லாமை என்று எனக்கு அன்று தோன்றிய காரணங்கள் எல்லாமே சங்கத்துக்கு வெளியே இருந்தன. உண்மைக் காரணம் செயற்குழு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது, எதுவும் பேசாமல்.

எங்கள் பொருளாளர் தபால் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சந்தா வசூல் அவர் பொறுப்பு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரத்தில் மூன்று மாலைகள், சைக்கிளின் முன்கூடையில் ரசீதுப் புத்தகத்தையும் நான்கைந்து நூல்களையும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். ஒரு வீட்டில் அரை மணி நேரம் ஆகும். இருநூறு ரூபாய்ச் சந்தாவுக்கு அரை மணி நேரமா என்று நான் செயற்குழுவிலேயே கேட்டிருக்கிறேன். அவர் அதற்குப் பதில் சொன்னதில்லை. கைப்பேசித் தீர்மானம் வந்தபோதும் அவர் எதிர்க்கவில்லை. "உங்களுக்குச் சரின்னா செய்யுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். எதிர்ப்பு இல்லாததை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஒத்திவைத்த கூட்டத்துக்காவது ஆள் சேர்க்கவேண்டும் என்று அவருடன் பதினைந்து நாள்கள் வீடு வீடாகப் போனபோதுதான், அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை முதன்முறையாகப் பார்த்தேன். முதல் வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் திண்ணைக்கு வந்ததும், "இந்த வருஷம் நீங்க வரவே இல்லையே, சங்கத்தை மூடிட்டாங்களோன்னு நினைச்சேன்" என்றார். அவருடைய மகன் பெங்களூரிலிருந்து சந்தாவைக் கைப்பேசியில் செலுத்தியிருந்தார். எங்கள் கணக்கில் அவர் 'நடப்பு உறுப்பினர்'. அவர் கணக்கில் சங்கம் மூடப்பட்டுவிட்டது. இன்னொரு வீட்டில் கண்புரை அறுவைக்குப் பிறகு சிறிய எழுத்தைப் படிக்க முடியாமல் போன ஒரு மூதாட்டிக்குப் பெரிய எழுத்துப் பாரதமும் இராமாயணமும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவர் பொருளாளர்தான் என்பது தெரிந்தது. வேறொரு வீட்டில் உறுப்பினர் இறந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அவர் பெயருக்குப் பொதுக்குழு அழைப்பை நான் அஞ்சலில் அனுப்பியிருந்தேன். அந்த அழைப்பிதழை அவருடைய மனைவி கையில் வைத்துக்கொண்டு நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சந்தா வசூல் என்று நாங்கள் பெயரிட்டிருந்த வேலைக்குள், உறுப்பினர் பட்டியலைத் திருத்துவது, படிக்க வர முடியாதவருக்குப் புத்தகம் சேர்ப்பது, குறைகளைக் கேட்டு வருவது, பொதுக்குழுவுக்கு நேரில் அழைப்பது ஆகிய நான்கு வேலைகள் ஒளிந்திருந்தன. ஐந்தாவதாக ஒட்டிக்கொண்டிருந்த பண வசூலை மட்டும் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வேலை என்று கருதி, அதை நான் சிக்கனப்படுத்திவிட்டேன். மற்ற நான்கும் அதோடு சேர்ந்து போயின.

உறுப்பினர் சங்கத்தில் மாற்றம் கொண்டுவருவது ஏன் ஒரு நிறுவனத்தில் கொண்டுவருவதைப் போல இல்லை என்ற கேள்வி அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வங்கியில் புதிய மென்பொருள் வந்தால் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் கற்றுக்கொள்வோம். அறக்கட்டளையில் நான்கைந்து அறங்காவலர்கள் கூடி முடிவெடுத்துவிடலாம். பதிவுபெற்ற சங்கத்தில் அப்படி முடியாது. வாசகசாலையில் நூல் எடுக்கும் வாசகரே அதன் உரிமையாளர், அவரே வாக்காளர், ஆண்டு விழாவுக்கு நாற்காலி தூக்கிப் போடுபவரும் அவரே. செயலாளருக்கு அவர் மீது எந்த அதிகாரமும் இல்லை. பிடிக்காவிட்டால் அவர் சண்டை போடவேண்டிய அவசியமும் இல்லை, வராமல் இருந்தாலே போதும். நாற்பத்தொரு பேர் வந்த அந்த மாலையில் வராதவர்கள் எல்லோரும் எனக்கு எதிராக வாக்களித்தார்கள் என்றே இப்போது நினைக்கிறேன், அப்படி ஓர் எண்ணம் அவர்களுக்கே இருந்திருக்காது என்றாலும்.

இதற்கான சட்ட அமைப்பும் அப்படித்தான் உள்ளது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். செயற்குழுவில் மூன்று பேருக்குக் குறையக்கூடாது. அதன் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது, மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. துணைவிதிகளைத் திருத்தவேண்டுமானால் செயற்குழுவின் பெரும்பான்மை போதாது. இருபத்தொரு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்டி, வந்திருந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்குக் குறையாத ஆதரவோடு சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்றவேண்டும். அதன் பிறகும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அது பதிவான பின்னரே செல்லும். அலுவலகக் கவுண்டரில் நிற்கும்போது இவையெல்லாம் வெறும் இழுபறியாகத் தோன்றும். நான்கில் மூன்று என்ற அந்தக் கணக்கு எனக்குக் கற்றுக்கொடுத்ததை வேறு எந்தப் பயிற்சி வகுப்பும் கற்றுக்கொடுத்திருக்காது.

2019இல் எங்கள் துணைவிதிகளைத் திருத்த முயன்றேன். அவை எழுதப்பட்ட காலத்தில் உறுப்பினர் என்றால் 'குடும்பத் தலைவர்' என்று பொருள். ஒரு வீட்டுக்கு ஒரு உறுப்பினர், ஒரு வாக்கு. அந்த வீட்டில் உள்ள யாரும் நூல் எடுக்கலாம், ஆனால் பொதுக்குழுவில் பேசவோ செயற்குழுவுக்குப் போட்டியிடவோ குடும்பத் தலைவரால் மட்டுமே முடியும். நூல் வழங்கும் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் கடன் வாங்குபவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் கல்லூரி மாணவர்களும்தான். செயற்குழுவிலோ ஒன்பது பேரும் ஆண்கள். என்னையும் சேர்த்து ஐவர் ஐம்பதைத் தாண்டியவர்கள், மற்ற நால்வர் எழுபதைத் தாண்டியவர்கள். படிப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர் என்ற நிலையில், மாலை ஏழு மணிக்கு வாசகசாலையைப் பூட்டுவது யாருக்கு இடைஞ்சல் என்பதுகூடச் செயற்குழுவுக்குத் தெரியாமல் இருந்தது.

பதினெட்டு வயது நிறைந்த எவரும் தனித்து உறுப்பினராகலாம் என்று திருத்தம் எழுதினேன். அதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. எப்படியும் ஒருமுறை பதிவாளர் அலுவலகத்துக்கு அலையத்தானே போகிறோம் என்று, ஆயுள் சந்தாவை மாற்றுவது, கோரத்தைக் குறைப்பது, நேரத்தை நீட்டிப்பது, 'வாசகசாலை' என்ற பெயரை 'அறிவு மையம்' என்று மாற்றுவது ஆகிய நான்கையும் சேர்த்து ஒரே சிறப்புத் தீர்மானமாகக் கட்டிவிட்டேன். எண்பத்தெட்டு பேர் வாக்களித்தார்கள். அறுபத்தொன்று ஆதரவு, இருபத்தேழு எதிர்ப்பு. அறுபத்தாறு தேவை. ஐந்து வாக்குகளில் தோற்றோம்.

பெரும்பான்மையோர் விரும்பியது நிறைவேறவில்லையே என்று அன்றிரவு மனம் கொதித்தது. மறுநாள் எதிர்த்து வாக்களித்த சிலரிடம் பேசியபோது, அவர்கள் எல்லோரும் ஒன்றை எதிர்க்கவில்லை என்பது தெரிந்தது. பெயர் மாற்றத்தைப் பொறுக்காதவர்கள் ஒரு பத்துப் பேர். தங்கள் ஆயுள் உறுப்பினர் உரிமை பறிபோகும் என்று பயந்தவர்கள் பத்துப் பேர். கோரத்தைக் குறைத்தால் நான்கு பேர் சேர்ந்து சங்கத்தைக் கைப்பற்றிவிடுவார்கள் என்று எண்ணியவர்கள் சிலர். பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதை எதிர்த்ததாக வெளிப்படையாகச் சொன்னவர் ஒரே ஒருவர். மனத்துக்குள் வைத்திருந்தவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். ஐந்து சிறு எதிர்ப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டிப் பெரிய எதிர்ப்பாக ஆக்கிக் கொடுத்தவன் நானே.

ஆயுள் உறுப்பினர்களின் பயத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் உள்ள பெரும்பாலான பழைய சங்கங்களின் பொருளாதார முடிச்சு அதில்தான் இருக்கிறது. எண்பதுகளில் எங்கள் ஆயுள் சந்தா இருநூற்றைம்பது ரூபாய். ஆண்டுச் சந்தா பன்னிரண்டு ரூபாய். அந்த இருநூற்றைம்பதை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டுப் பத்து சதவீத வட்டி வாங்கியிருந்தால் ஆண்டுக்கு இருபத்தைந்து ரூபாய் கிடைத்திருக்கும். கணக்கு பிசகாது. ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டு ஓட்டுக் கூரையை மாற்றித் தளம் போட்டார்கள். கூரை தேவைதான், நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதையே செய்திருப்பேன். அதன் விளைவு என்னவென்றால், உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கொடுத்த பணம் செலவாகிப்போய், செய்தித்தாள் கட்டணத்தையும் மின்கட்டணத்தையும் எஞ்சிய ஆண்டுச் சந்தாதாரர்களே சுமக்கிறார்கள், வாக்கு வலிமையோ ஆயுள் உறுப்பினர்களிடம் இருக்கிறது. ஆண்டுச் சந்தாவை இருநூறிலிருந்து முந்நூறாக உயர்த்தும் தீர்மானத்துக்கு ஆயுள் உறுப்பினர்கள் தாராளமாகக் கை தூக்குவார்கள். கொடுக்கப்போவது அவர்கள் இல்லையே.

இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொன்னால் எவரும் கேட்கமாட்டார். அன்று நம்பிப் பணம் கொடுத்துக் கூரை போட்டவர்கள் அவர்கள். இன்று உட்கார்ந்திருப்பது அந்தக் கூரையின் கீழ்தான். இரண்டாம் முறை நான் ஆயுள் உறுப்பினர்களின் உரிமையைத் தொடவே இல்லை. இனிமேல் சேரும் ஆயுள் உறுப்பினரின் தொகை முழுவதும் வைப்புநிதியில் போடப்படும், வட்டியை மட்டுமே செலவு செய்யலாம் என்று மட்டும் எழுதினேன். ஏழு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு முந்நூறு ரூபாய் வரவேண்டுமானால் நாலாயிரத்து முந்நூறு ரூபாய் போட்டு வைக்கவேண்டும் என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஆயுள் சந்தா ஐயாயிரம் என்று முடிவாயிற்று. பழைய ஆயுள் உறுப்பினர்களில் பலர் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலேயே ஐந்நூறும் ஆயிரமும் நன்கொடையாகக் கொடுத்தார்கள்.

இடையில் பெருந்தொற்று வந்து வாசகசாலை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. எனக்கு அந்தக் காலம் வீணாகிவிட்டதாகவே தோன்றியது. ஆனால் பொருளாளர், ரசீதைக் கிழித்துக் கொடுத்த பின் புத்தகத்திலேயே தங்கிவிடும் அடிக்கட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, தனியாக வசிக்கும் உறுப்பினர்களை நாள்தோறும் தொலைபேசியில் அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பட்டியலுக்காக அவர் புதிதாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

அந்த நாள்களில் நானும் பழைய நூலகச் சங்கங்களைப் பற்றிச் சிறிது படித்தேன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளராகப் பொறுப்பேற்றவர். நூலகர்களும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் சந்தா கட்டிச் சேர்ந்த ஒரு தன்னார்வச் சங்கம் அது. தொடங்கிய மறு ஆண்டே நூலகப் பணிக்கான கோடைப் பயிற்சியை நடத்தியது. 1931இல் அந்தப் பயிற்சியைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. நூலக அறிவியலுக்கான ஐந்து விதிகளை ரங்கநாதன் எழுதியபோது அந்த நூலை அதே 1931இல் வெளியிட்டதும் அந்தச் சங்கமே. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபை பிள்ளையின் முயற்சியால் ஒரு மாட்டுவண்டி நூலகம் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நூலகங்களுக்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்று ரங்கநாதனும் சங்கத்தாரும் விடாமல் வலியுறுத்தி வந்ததன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் சென்னைப் பொது நூலகங்கள் சட்டம் நிறைவேறியது. இன்று நாம் சொத்து வரியோடு சேர்த்துச் செலுத்தும் நூலக வரிக்கு வேர் அங்கே இருக்கிறது.

இதைப் படித்தபோது என்னை நிறுத்தியது ரங்கநாதனின் மேதைமை அன்று. அது எல்லோருக்கும் தெரிந்தது. சங்கம் தான் தொடங்கியவற்றைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான். பயிற்சி வகுப்பைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். நூலகம் அமைக்கும் பொறுப்பைச் சட்டத்தின் வழியாக அரசிடம் கொடுத்தார்கள். நானோ, க்யூஆர் அட்டையைக்கூட என் சாதனை என்று ஆண்டறிக்கையில் எழுதி வைத்திருந்தேன். மாட்டுவண்டியைப் பற்றி நினைக்கும்போது பொருளாளரின் சைக்கிள் கூடையும் நினைவுக்கு வந்தது. வர முடியாதவரிடம் புத்தகம் போகவேண்டும் என்ற எண்ணம் எங்கள் டெல்டா மண்ணில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே வண்டி கட்டிப் புறப்பட்ட ஒன்று. அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை, நிறுத்தாமல் இருந்திருந்தால் போதும்.

சந்தா என்பது எதற்கு என்ற கேள்விக்கு வேறொரு பழைய விடையும் உண்டு. வி. ராமஸ்வாமி ஐயர் என்ற துணை கலெக்டர், அரசாங்க வேலைக்கிடையே கணிதத்தில் ஈடுபாடு கொண்டவர், 1907இல் தன்னைப் போன்ற கணித ஆர்வலர்களைச் சேர்த்து ஒரு கழகத்தைத் தொடங்கினார். வெளிநாட்டுக் கணித இதழ்களைத் தனி ஒருவரால் வாங்க முடியாது. எல்லோரும் சந்தா போட்டு வாங்கி, அஞ்சலில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அனுப்பிப் படிக்கலாம் என்பதே அதன் முதல் நோக்கம். 1910இல் அது இந்தியக் கணிதச் சங்கம் என்று பெயர் பெற்றது. பிறர் இதழ்களைப் படிப்பதற்காகச் சேர்ந்தவர்கள் தங்களுக்கென்றே ஓர் இதழ் நடத்தத் தொடங்க, அந்த இதழில்தான் 1911இல் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அஞ்சல் வழி இதழ்ச் சுற்றுக்கும் ஆய்விதழுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது. ஆனால் ஒவ்வொரு அடியும் உறுப்பினர்களுக்கு அடுத்ததாக எது தேவைப்பட்டதோ அதை நோக்கியே வைக்கப்பட்டிருக்கிறது.

2022இல் மீண்டும் பொதுக்குழுவைக் கூட்டினோம். இம்முறை ஐந்து திருத்தங்களும் ஐந்து தனித்தனிச் சிறப்புத் தீர்மானங்களாக, இருபத்தொரு நாளுக்கு முன்பே அச்சிட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு திருத்தத்தின் கீழும், இதனால் யாருக்கு என்ன குறையும் என்று ஒரு வரி எழுதவேண்டும் என்பது பொருளாளரின் யோசனை. நன்மையை எழுதுவது எளிது. குறைவதை எழுத உட்கார்ந்தபோதுதான் கோரத்தைக் குறைக்கும் திருத்தம் எவ்வளவு அரைகுறையானது என்று எனக்கே தெரிந்தது. அதைத் திரும்பப் பெற்றேன். கோரத்துக்கு வேண்டியது விதித் திருத்தம் இல்லை. இறந்தவர்களின் பெயர்களைத் துக்கம் விசாரித்து முறைப்படி நீக்கி, பட்டியலைச் சரிசெய்தாலே போதுமானதாக இருந்தது. ஐம்பத்துச் சொச்சம் பெயர்கள் நீங்கின.

தொண்ணூற்று நான்கு பேர் வாக்களித்த அந்தக் கூட்டத்தில் தனிநபர் உறுப்பினர் திருத்தத்துக்கு எழுபத்தொன்பது வாக்குகள் விழுந்தன. எழுபத்தொன்றே போதும். ஆயுள் சந்தாத் திருத்தமும் நேரத் திருத்தமும் எளிதாக நிறைவேறின. பெயர் மாற்றம் படுதோல்வி அடைந்தது. 'அறிவு மையம்' என்பது கணினிப் பயிற்சிக் கடையின் பெயரைப் போல இருக்கிறது என்று ஓர் அம்மையார் எழுந்து சொன்னதும் கூட்டமே சிரித்தது. சரியான தீர்ப்புதான். நோக்கங்களைப் பற்றிய பகுதியில் ஒரு சொல்லையும் தொடவேண்டாம் என்று எங்கள் ஆடிட்டர் முன்பே எச்சரித்திருந்தார். வரிவிலக்குப் பதிவு பெற்ற சங்கம் தன் நோக்கங்களை மாற்றினால் முப்பது நாளுக்குள் வருமான வரித் துறையிடம் மறுபடியும் பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும், அதை மறந்து மாட்டிக்கொண்ட சங்கங்கள் உண்டு என்பது அவர் சொன்ன காரணம்.

மற்ற புதுமைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாட்ஸப் குழு ஒன்று தொடங்கினோம். அது மூன்றே மாதங்களில் காலை வணக்கப் படங்களால் நிரம்பிவிட்டது. நூல் பட்டியலைக் கணினியில் ஏற்றியது மட்டும் உருப்படியான வேலை. அதைச் செய்தவர்கள் கல்லூரி மாணவிகள் ஆறு பேர், அவர்களில் நால்வர் புதிய விதிப்படி தனித்து உறுப்பினரானவர்கள்.

வீடு வீடாகப் போவதை மீண்டும் தொடங்கினோம். பணம் கைப்பேசியிலேயே வரட்டும், போவது போகட்டும் என்பது ஏற்பாடு. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, நடைமுறையில் தடுமாறியது. செயற்குழு உறுப்பினர்கள் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டு போனார்கள், ஆனால் பணம் வாங்காமல் ஒரு வீட்டுக்குப் போய் என்ன பேசுவது என்று பலருக்குத் தெரியவில்லை. ரசீதுப் புத்தகம் கையில் இருந்தால் கதவைத் தட்ட ஒரு முகாந்திரம் இருந்தது. வீட்டாருக்கும் உட்காரச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. கடைசியில், எழுபது வயது தாண்டியவர்களுக்கு மட்டும் பழையபடி ரொக்கமாகச் சந்தா வாங்கி ரசீது எழுதிக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். என் முதல் தீர்மானத்தை நானே பாதி ரத்து செய்த அந்தத் தீர்மானம் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

2024இல் என் இரண்டாவது பதவிக்காலம் முடிந்தது. நூல் பட்டியலைக் கணினியில் ஏற்றிய மாணவிகளுள் ஒருவர், இப்போது பள்ளி ஆசிரியை, இருபத்தாறு வயது, செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொருளாளர் தாமும் விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் ஒரு பழைய டிரங்குப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதில் இருபத்திரண்டு ஆண்டுகளின் ரசீதுப் புத்தக அடிக்கட்டைகள் ஆண்டுவாரியாக நூல் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. தணிக்கை முடிந்த பழைய கணக்கு, எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்டதை எடைக்குப் போட்டுவிடலாமே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் புதிய செயலாளர் ஒரு கட்டைப் பிரித்துத் திருப்பிப் பார்த்தார்.

ஒவ்வொரு அடிக்கட்டையின் பின்பக்கத்திலும் பென்சிலில் பொடி எழுத்தில் ஒன்றிரண்டு சொற்கள் இருந்தன. 'கண் ஆபரேஷன், ஆடி வரை பெரிய எழுத்து.' 'பேத்தி பிளஸ் டூ, வேதியியல் கைடு கேட்டார்.' 'மின்விசிறிச் சத்தம் பற்றிக் குறை.' 'மனைவி தவறிவிட்டார், அடுத்த வாரம் போகவேண்டும்.' 'சரித்திர நாவல் வேண்டாம், போதும் என்கிறார்.' ஆறு ஆண்டுகள் அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தும் நான் ஒரு அடிக்கட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. எண் சரியாக இருக்கிறதா, தொகை கூட்டலுக்கு வருகிறதா என்று முன்பக்கத்தைச் சரிபார்ப்பதே எங்கள் தணிக்கையாக இருந்தது.

"இதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லி யாரும் சொன்னாங்களா ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"தபால்ல இருந்தப்ப வந்த பழக்கம்மா. அடுத்த தடவை போறப்ப மறந்துடக் கூடாதில்ல" என்றார் அவர்.

உறுப்பினர் பட்டியல் இப்போது கணினியில்தான் இருக்கிறது. பெயர், முகவரி, வயது, சந்தா செலுத்திய நாள் என்ற பத்திகளுக்குப் பின்னால் புதிய செயலாளர் கடைசியாக ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறார். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய குறிப்புகளை அவரவரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாக அதில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். பத்தியின் தலைப்பு 'பின்பக்கம்'.